வேலைக்கு வராத ரிப்பேர்காரர்

அங்கன்வாடியில் புதிதாக உதவியாளர் வேலைக்கு வந்திருக்கும் பெண்களுக்கு எழுதுவது. போன கூட்டத்தில் என்னையும் நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். மைக்கைக் கையில் கொடுத்ததும் வணக்கம் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். சிலர் சிரித்தீர்கள். தப்பில்லை, எனக்கே சிரிப்பு வந்தது. ஐந்தாவது வரை படித்தவள் நான். பலபேர் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதினால் யாரும் முகத்தைப் பார்க்கமாட்டார்கள் என்று எழுதுகிறேன். பிழை திருத்திக் கொடுத்தது எங்கள் பழைய டீச்சர்.

அடுப்பு மூட்டுவது, சத்துமாவு உருட்டுவது, வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை அழைத்துவருவது எல்லாம் வேலையில் சேர்ந்த கொஞ்ச நாளில் கைக்கு வந்துவிடும். அதை நான் சொல்ல வேண்டியதில்லை. என்ன செய்வது என்று தெரியாமல் நின்ற சில வேளைகளைச் சொல்கிறேன். எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகளால் வந்தவை.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் மையம் ஆரணியில் ஆற்றுப் பக்கம் இருந்தது. சுற்றிலும் பட்டுத் தறி வீடுகள், நடுநடுவே சாயப்பட்டறைகள். சாயம் போடுகிற வீட்டுப் பிள்ளைகள் மேலெல்லாம் கலர் ஒட்டிக்கொண்டுதான் வரும். ஒருத்தி பச்சைப் பாதத்தோடு வருவாள், ஒருத்தனுக்குக் காதுமடலில் அரக்கு நிறம் இருக்கும். "இன்னிக்கு உங்கப்பா மாம்பழக் கலர் போட்டாரா?" என்று உள்ளங்கையைப் பார்த்தே கேட்போம். அதனால் நித்யா என்ற குழந்தையை அவள் அம்மா செல்வி முதல்முதலாகக் கொண்டுவந்து விட்டபோது, கன்னத்திலும் மூக்கிலும் தெளித்ததுபோல் இருந்த பழுப்புப் புள்ளிகளை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் அப்பா ஏழுமலை சாயப்பட்டறைக்காரன். சாயம் தெறித்திருக்கிறது என்று நினைத்தோம். செல்வியும் அப்படித்தான் நினைத்தாள். எலுமிச்சம்பழத்தால் தேய்த்தாள், கடலைமாவு போட்டாள். புள்ளிகள் போகவில்லை, கூடிக்கொண்டே இருந்தன.

குழந்தைக்கு வெயிலும் ஆகாது. மற்றதெல்லாம் வேப்பமரத்தடியில் ஆடும், இவள் மட்டும் கண்ணைக் கசக்கிக்கொண்டு அரிசி மூட்டைக்குப் பின்னால் போய் உட்காருவாள். பிள்ளைகளை அழைக்க வரும் தாய்மார்கள் கேலி செய்வார்கள்.

"இன்னாடி செல்வி, உன் பொண்ணு வெயில்ல வந்தா கலர் எறங்கிடுமா?"

"பட்டறைக்காரரு பொண்ணாச்சே, நெழல்லதான் காயப் போடணும்!"

செல்வியும் சேர்ந்து சிரிப்பாள். புதுச் சாயம் போட்ட பட்டு நூலை நிழலில்தான் உலர்த்துவார்கள். அதை வைத்துத்தான் அந்தக் கேலி.

ஒருநாள் காலையில் குழந்தை வந்தபோது ஒரு கன்னம் தோல் உரிந்து சிவந்து கிடந்தது. என்ன என்று கேட்டேன். செல்வி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவருதாங்க. பட்டறையில பவுடர் வெச்சிருப்பாங்க இல்ல, தப்பாப் புடிச்ச சாயத்த நூலுல இருந்து எறக்குறது. அத்தத் தண்ணியில கலக்கி லேசாத் தடவினாரு. பட்டுலயே எறங்குது, தோலுல எறங்காதான்னு."

அந்த ஊரில் அந்தத் தொழில் செய்கிறவனுக்குத்தான் இப்படி ஒரு யோசனை வரும். பிள்ளை மேல் ஆசை இல்லாமல் செய்யவில்லை. பள்ளிக்கூடத்தில் அவளைக் கேலி செய்வார்களே என்றுதான் செய்திருக்கிறான்.

அன்று குழந்தை சட்டையை நனைத்துவிட்டாள். மாற்றுவதற்காகக் கழற்றினேன். மேல்கையில் சட்டைக் கை முடிகிற இடத்தில், கோடு போட்டதுபோல் புள்ளிகள் நின்றிருந்தன. அதற்கு மேலே ஒரு புள்ளி இல்லை. முதுகு, வயிறு எல்லாம் பிறந்த குழந்தையின் தோல் மாதிரி. கழுத்தில் தாயத்தை நகர்த்திப் பார்த்தேன், அதன் அடியிலும் சுத்தமாக இருந்தது.

எனக்கு அதன் அர்த்தம் தெரியவில்லை. ஏதோ சரியில்லை என்று மட்டும் பட்டது. சொல்லலாமா, நமக்கெதற்கு என்று மதியச் சாப்பாடு வரைக்கும் மென்று விழுங்கிக்கொண்டிருந்தேன். பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டுபோய் டீச்சர் முன்னால் நிறுத்தி, ஒன்றும் பேசாமல் சட்டைக் கையை மேலே தூக்கிக் காட்டினேன்.

டீச்சர் குழந்தையின் கையைப் பார்த்தார், நான் கழற்றிக் கொடியில் போட்டிருந்த சட்டையைப் பார்த்தார்.

"ஆயாம்மா, சாயமா இருந்தா சட்டையிலயும் இல்ல தெறிச்சிருக்கணும்? சட்டை வெள்ளையா இருக்குதே." கொஞ்சம் யோசித்துவிட்டு, "வெயில் படற எடத்துல மட்டும் வந்திருக்குது. இது வேற என்னமோ" என்றார்.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். குளிப்பாட்டுவதும் உடை மாற்றுவதும் நம் வேலை. டீச்சர் பார்க்காத தோலை நாம் பார்க்கிறோம். கண்ணில் பட்டதைக் கொண்டுபோய்க் காட்டிவிடுங்கள். அது என்னவென்று தெரிந்த பிறகு சொல்லலாம் என்று காத்திருந்தால் அந்த நாள் வராமலே போகும்.

ஆரணி ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வேலூரில் தோல் டாக்டரிடம் போகச் சொன்னார்கள். தனியாகப் போக செல்விக்குப் பயம், என்னையும் கூப்பிட்டாள். பயந்தவளுக்குப் பயந்தவள் துணை. ஏழுமலையும் வந்தான். விரல் நகமெல்லாம் நீலமாக இருந்ததால் கையைச் சட்டைப் பைக்குள்ளேயே வைத்திருந்தான்.

டாக்டரம்மா குழந்தையை நிதானமாகப் பார்த்தார். கண்ணை, உதட்டை, நாக்கு நுனியைப் பார்த்தார். நீங்கள் இருவரும் சொந்தமா என்று கேட்டார். அக்கா மகளைத்தான் கட்டியிருக்கிறேன் என்று ஏழுமலை சொன்னான். அப்புறம் அவர் நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"வெயில் பட்டா எல்லார் தோலும்தான் கெடுது. உங்களுது, என்னுது, எல்லாமே. கண்ணுக்குத் தெரியாத செல்லு கோடி கோடியா சேர்ந்ததுதான் உடம்பு. ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ரெட்டை இழையா முறுக்கின நூல் ஒண்ணு இருக்கு. உடம்பு எப்படி வேலை செய்யணும்னு அந்த நூல்ல எழுதியிருக்கு. மொத்தம் நாலே எழுத்துதான், மாத்தி மாத்தி வரும். வெயில் பட்டா அடுத்தடுத்து இருக்கிற ரெண்டு எழுத்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும்."

ஏழுமலை நிமிர்ந்தான். "தறியில ஏத்துறதுக்குக் கஞ்சி போட்ட பாவு நூலுல ரெண்டு இழை ஒட்டிக்குமே, அந்த மாதிரிங்களா?"

"அதே மாதிரிதான். அப்படி ஒட்டிக்கிட்டா என்ன செய்வீங்க?"

"வுட்டா தறியில சிக்கிக்கினு அறுந்துடுங்க. முன்னாடியே பாத்துப் பிரிக்கணும். பிரியலேன்னா அந்தத் துண்ட வெட்டிப் போட்டுட்டு வேற நூலு வெச்சு முடி போடுவாங்க."

"உடம்பும் அதைத்தான் செய்யுது. ஒட்டின இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு ஆள். ரெண்டு பக்கமும் வெட்ட ஒரு ஆள். எதிர்ல இருக்கிற நல்ல இழையைப் பார்த்து அதுக்கு ஏத்த மாதிரி நிரப்ப ஒரு ஆள். கடைசியா முடி போட ஒரு ஆள். நமக்குத் தெரியாமலே நாள் பூரா இந்த ரிப்பேர் நடந்துகிட்டு இருக்கு. உங்க பொண்ணுக்கு அந்த ஆளுங்கள்ல ஒருத்தர் இல்ல. அதனால ஒட்டினது ஒட்டினபடியே கிடக்குது. அதுதான் புள்ளி."

"ஆளு எப்ப வருவாருங்க?" என்று கேட்டான் ஏழுமலை. லீவில் போன தறிக்காரனைப் பற்றிக் கேட்பதுபோல்தான் கேட்டான்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "பிறக்கும்போதே இல்லப்பா. வர மாட்டார்."

குழந்தை மேசை மேலிருந்த ரப்பர் ஸ்டாம்பை எடுத்துக் கன்னத்தில் குத்திக்கொண்டிருந்தாள். நான்தான் கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை. "சட்டைக்குள்ள நல்லா இருக்குதுங்களே?"

"நல்லா கேட்டீங்க. வெயில் இல்லாமலே, நாம மூச்சு விடுறதால கூட அந்த எழுத்து ஒண்ணு ரெண்டு கெடும். அதுக்கு வேற ஆள். அவர் துண்டா வெட்ட மாட்டார், கெட்ட ஒரு எழுத்தை மட்டும் பிடுங்கிட்டு நல்லதை வெப்பார். அந்த ஆள் இவளுக்கு ஒழுங்கா வேலை பார்க்கிறார். வெயிலோட சேதத்துக்குத்தான் ஆள் இல்ல. அப்ப நாம என்ன செய்யணும்? ரிப்பேருக்கு ஆள் இல்லாத வீட்டுல சாமான் உடையாமப் பார்த்துக்கணும். வெயில் படவே கூடாது. மர நிழல் போதாது. மணல்ல இருந்து, வெள்ளையடிச்ச சுவத்துல இருந்து எல்லாம் வெளிச்சம் திரும்பி வந்து அடிக்கும். விட்டா புள்ளி கட்டியாகும், கட்டி புற்றாகும். கண்ணும் போகும்."

அடுத்த பிள்ளை பிறந்தால் என்று செல்வி கேட்டாள். அப்பா அம்மா இருவரிடமும் ஒரு நல்ல பிரதியும் ஒரு பழுதான பிரதியும் இருக்கின்றன, இவளுக்கு இரண்டு பக்கமிருந்தும் பழுதானதே வந்துவிட்டது, அடுத்ததற்கு நாலில் ஒரு பங்கு அப்படி வரலாம் என்றார். "ஒவ்வொரு தடவையும் சீட்டைப் புதுசாக் குலுக்கி எடுக்கிற மாதிரி. போன சீட்டுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

வெளியே வந்தபோது உச்சி வெயில். வாசல் வரை வந்த செல்வி, காலைப் படியில் வைக்காமல் பின்னால் எடுத்துக்கொண்டாள். காலையில் அதே வெயிலில்தான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தோம். பொழுது சாயும்வரை ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்து, விளக்கு வைத்த பிறகு பஸ் ஏறினோம்.

அதன் பிறகு நித்யா விடிவதற்கு முன்னால் மையத்துக்கு வருவாள், இருட்டிய பிறகு போவாள். சாவி என்னிடம் இருந்ததால் சிரமமில்லை. ஜன்னலுக்கு டீச்சர் கனமான திரை போட்டுக் கொடுத்தார். முழுக்கைச் சட்டை, தலையில் துணி, கறுப்புக் கண்ணாடி. பேச்சு நன்றாக வந்ததும் நித்யாவுக்கு வாயும் வந்துவிட்டது. ஏழுமலை வீட்டில் அந்த டாக்டரம்மா சொன்னதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருப்பான்போல. "புள்ளி மாடு, புள்ளி மாடு" என்று பிள்ளைகள் கத்தினால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பதில் சொல்லுவாள்.

"உங்க வூட்டு ரிப்பேர்காரரு டெய்லி வேலைக்கு வராரு. எங்க வூட்டு ஆளு வரவே இல்ல. நான் இன்னா பண்றது? போயி அவரக் கேளு!"

பிள்ளைகளுக்கு அதில் பாதி புரியாது. ஆனால் தங்களுக்குள்ளும் ஒரு ரிப்பேர்காரர் இருக்கிறார் என்பது பிடித்துப்போய்விட்டது. முட்டி சிராய்த்துக்கொண்டு அழுகிறவனிடம் மற்றவர்கள், "அழுவாத, ரிப்பேர்காரரு வந்துகினு இருக்காரு" என்பார்கள்.

ஒருநாள் புதிதாக வந்த மேலதிகாரி மையத்தைப் பார்க்க வந்தார். கண்டிப்பான ஆள் என்று முன்பே பேச்சு. எல்லாப் பிள்ளைகளையும் வரிசையாக வெளியே உட்காரவைத்து, மரக்கிளையில் மாட்டியிருக்கும் தராசில் தன் முன்னால் எடை போடச் சொன்னார். ஒரு பிள்ளை உள்ளே இருப்பதைப் பார்த்து, "அது ஏன் வரல?" என்றார்.

டீச்சர் விஷயத்தைச் சொன்னார். அவர் காதில் ஏறவில்லை. "மரத்தடிதானேம்மா, நிழல்தானே? ரெண்டு நிமிஷத்துல என்ன ஆயிடும்? பிள்ளை இல்லாமலே எடை எழுதுறீங்கன்னு நான் எழுதவா?"

டீச்சருக்கு முகம் வெளுத்துவிட்டது. வேலைக்கே ஆபத்து வரும் பேச்சு அது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். குழந்தையைத் தூக்கிவா என்கிறாரா, தூக்காதே என்கிறாரா என்று தெரியவில்லை. நித்யா உள்ளே சட்டைப் பித்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டிருந்தாள். அவள் வரத் தயாராகிவிட்டாள்.

மணலில் வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. அதிகாரியிடம் பேச எனக்கு வாய் கிடையாது. நேராக மரத்தடிக்குப் போய்க் கிளையிலிருந்து தராசைக் கழற்றினேன். அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து, கூரை உத்திரத்தில் தூளி கட்டுகிற கொக்கியில் மாட்டினேன். வரிசையில் இருந்த பிள்ளைகளெல்லாம் தராசுக்குப் பின்னாலேயே உள்ளே ஓடிவந்துவிட்டன. அதிகாரி வெளியே தனியாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

கொஞ்ச நேரத்தில் அவரும் எழுந்து உள்ளே வந்தார். "எனக்கே பாடம் நடத்துறீங்கம்மா" என்று முனகினார். நித்யாவைத் தூக்கித் தராசில் உட்காரவைத்ததும் அவள் அவரைப் பார்த்து, "சார், மாமா, உனுக்கு மூக்குல புள்ளி இருக்குது. உங்க ரிப்பேர்காரரும் லீவா?" என்றாள். அவர் மூக்கில் மச்சம் இருந்தது. அவர் சிரித்துவிட்டார். நாங்கள் பிழைத்தோம்.

எதிர்த்துப் பேசத் தெரியாதவர்களுக்கும் வழி உண்டு. பிள்ளையைத் தராசிடம் கொண்டுபோக முடியாவிட்டால், தராசைப் பிள்ளையிடம் கொண்டுவரலாம். இந்த வேலையில் பல சண்டைகளை நான் அப்படித்தான் முடித்தேன்.

நித்யா பிறகு என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடைசிவரை அதையே நினைத்துக்கொண்டு படிக்க வேண்டாம். எவ்வளவு பார்த்தும், முன்பே பட்ட வெயிலுக்குக் கணக்கு வந்துகொண்டே இருந்தது. கீழ் உதட்டில் ஒன்று, மூக்கோரம் ஒன்று என்று கட்டிகளை வெட்டி எடுத்தார்கள். ஒரு கண் மங்கிவிட்டது. ஆனால் அவள் வளர்ந்தாள். வீட்டில் இருந்தே படித்துப் பரீட்சை எழுதினாள். இன்றும் பொழுது சாய்ந்ததும் என் வீட்டுக்கு வந்து, குழம்பில் உப்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போகிறாள்.

அவள் பள்ளிக்கூட வயதை எட்டியபோது செல்விக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தது. ஆண் குழந்தை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் எடை பார்க்கப் போனேன். வீட்டு முற்றத்தில் சத்தமாக இருந்தது.

குழந்தைக்கு உடம்பு மஞ்சளித்திருந்தது. காலை வெயிலில் காட்டுங்கள், போய்விடும் என்று யாரோ நர்ஸ் சொல்லியனுப்பியிருந்தார்கள். பிறந்த குழந்தைக்கு எல்லாரும் சொல்வதுதான், நாமும் சொல்வதுதான். செல்வியின் அம்மா, அதாவது ஏழுமலையின் அக்கா, பிள்ளைக்கு எண்ணெய் தடவித் துணியில் கிடத்தி முற்றத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். செல்வி பச்சை உடம்போடு அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"வெயில்ல வெக்காதம்மா! இவனுக்கும் அப்படியே இருந்தா?"

"காமால ஏறிப்போச்சுன்னா புள்ளையே இருக்காதுடி! வுடு கைய!"

இருட்டறைக்குள்ளிருந்து நித்யாவின் குரல் வந்தது. "ஆயா, வாணா! அவனுக்கு ரிப்பேர்காரரு வந்தாரான்னு யாருக்குத் தெரியும்?" ஆயா என்றது பாட்டியை.

ஏழுமலை நடுவில் நின்று என்னைப் பார்த்தான். "நீங்களே சொல்லுங்க ஆயாம்மா. வெயில்ல வெக்கலாமா, வாணாமா?"

செல்வி சொன்னதும் நிஜம், அவள் அம்மா சொன்னதும் நிஜம். வெயிலில் வைத்தால், இவனுக்கும் அந்த ஆள் இல்லாவிட்டால், முதல் நாளிலிருந்தே சேதம். வைக்காமல் விட்டால், மஞ்சள் ஏறினால், அதுவும் பிள்ளையைத் தின்றுவிடும். குழந்தையின் பாதத்தைச் சுண்டிப் பார்த்தேன். அழ வேண்டிய பிள்ளை முனகியது. பாதம்வரை மஞ்சளாக இருந்தது.

கேள்வி கேட்கிறவர்கள் இரண்டில் ஒன்றைத்தான் சொல்லச் சொல்வார்கள். அந்த இரண்டுமே நம் கையில் இல்லாதபோது மூன்றாவதைத் தேடவேண்டும். "ரெண்டும் வாணாம். ஆட்டோ கூப்பிடு, ஜல்தி" என்றேன். குழந்தையை என் முந்தானைக்குள் சுற்றிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் கூட்டம். டாக்டர் இளைஞர், நாற்காலியில் உட்காரக்கூட நேரமில்லாமல் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தார். செல்விக்கும் ஏழுமலைக்கும் பேச வரவில்லை. அத்தனை பேருக்கு முன்னால் நான் சத்தமாகச் சொன்னேன். "டாக்டர், இதுக்கு அக்கா ஒருத்தி இருக்குறா. அவ ஒடம்புல வெயில் சேதத்த ரிப்பேர் பண்ற ஆளு இல்ல. இவனுக்கு இருக்குதா இல்லையான்னு தெரியாது. அத்த மனசுல வெச்சிகினு அப்புறம் இன்னா வேணா பண்ணுங்க." வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காது சுட்டது.

டாக்டர் இரத்தம் பார்க்கச் சொன்னார். மஞ்சள் அதிகம், விளக்குப் பெட்டிக்குள் வைத்தாக வேண்டும் என்றார். நீல வெளிச்சம் எரிகிற பெட்டி. அதைக் கண்ணால் பார்த்ததும் ஏழுமலை குழந்தையைக் கொடுக்க மறுத்துவிட்டான்.

"வெயில்ல இருந்து தப்பிச்சு வந்து வெளக்குல வெக்கறதா? வெளிச்சமே வாணாங்க. மருந்து குடுங்க."

டாக்டருக்குக் கோபம் வந்தது. ஆனால் அவரும் ஒரு நிமிடம் யோசித்தார். வேலூர் டாக்டரம்மாவின் நம்பர் ஏழுமலையிடம் இருந்தது. ஆஸ்பத்திரிப் போனிலிருந்தே அவரைக் கூப்பிட்டு, இங்கிலீஷில் நிறைய பேசினார். பிறகு ரிசீவரை ஏழுமலையிடம் நீட்டினார். போனில் அவர் சொன்னது பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

"ஏழுமலை, சாயம் போடுறவன் நீ. எல்லா நீலமும் ஒரே நீலமா?"

"இல்லைங்க."

"வெளிச்சமும் அப்படித்தான். எழுத்தை ஒட்ட வைக்கிற வெளிச்சம் கண்ணுக்கே தெரியாது, வெயில்ல இருக்கு. இந்த விளக்குல அது கிடையாது. கண்ணைக் கட்டித்தான் வைப்பாங்க. குழந்தையைக் கொடு."

கொடுத்தான். மஞ்சள் இறங்கியது.

வேலூருக்குப் போன் போட்டுக் கேட்கிற யோசனை ஒரு டாக்டருக்கு வரலாம், வராமலும் போகலாம். அதை நம்பி இருக்க முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போனதும் மூத்த பிள்ளையின் கதையை முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள். கூச்சப்படுகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அந்த ஒரு வார்த்தைக்காவது வாயைத் திறந்துவிட வேண்டும்.

அப்புறமும் கேள்வி அப்படியே இருந்தது. இவனுக்கு இருக்கிறதா, இல்லையா? குழந்தையின் தோலில் கடுகளவு எடுத்து வெளியூர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார் டாக்டரம்மா. அங்கே அந்தச் செல்லைக் கிண்ணத்தில் வளர்த்து, வெயிலில் இருக்கிற அந்த வெளிச்சத்தை மட்டும் காட்டி, சேதத்தைச் சரிசெய்கிறதா என்று பார்ப்பார்களாம். பதில் வர மாதக்கணக்கில் ஆனது. அதுவரை அக்காவும் தம்பியும் ஒரே இருட்டறையில் இருந்தார்கள். அவனுக்குச் சிரிக்கச் சொல்லிக்கொடுத்தது நித்யாதான்.

பதில் வந்த நாளில் நானும் போயிருந்தேன். டாக்டரம்மா தாளை மடித்து வைத்துவிட்டு எங்களிடம் சொன்னார். "வெளிச்சம் காட்டினாங்க. எழுத்து ஒட்டிச்சு. அப்புறம் ஒட்டினதை வெட்டி எடுத்துட்டு, எதிர் இழையைப் பார்த்து அழகா நிரப்பிடுச்சு. ஆள் வேலையில இருக்கார்."

ஏழுமலை எழுந்து நின்று கும்பிட்டான். டாக்டரம்மாவைப் பார்த்து இல்லை. செல்வி மடியில் கிடந்த பிள்ளையைப் பார்த்து, யாரோ பெரிய மனிதர் வந்துவிட்டதுபோல.

ஆனாலும் செல்வியால் பிள்ளையை வெளியே கொண்டுவர முடியவில்லை. இன்று, நாளை என்று தள்ளிக்கொண்டே போனாள். வெயிலால் எலும்புக்குக் கிடைக்கிற சத்துக்குப் பதிலாக நித்யாவுக்கு டாக்டரம்மா மருந்து கொடுத்திருந்தார். இவனுக்கு அது தேவையில்லை, வெயிலே போதும் என்று சொல்லியிருந்தார். அந்த வெயில்தான் கிடைக்கவில்லை. உட்காரவேண்டிய பருவத்தில் பிள்ளை துவண்டான். எலும்பு பலமில்லாமல் போய்விடும் என்று டீச்சர் பலமுறை எச்சரித்தார். கடைசியில் ஒரு காலையில் செல்வி பிள்ளையை என் கையில் கொடுத்தாள். "என்னால ஆவாது ஆயாம்மா. நீங்க எடுத்துகினு போங்க. நான் பாக்கல" என்று சொல்லிவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். நித்யா இருட்டறையின் உட்கோடியில், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கட்டில் மேல் ஏறி நின்றாள்.

முற்றத்தில் இறங்கினேன். இளவெயில். பிள்ளை முகத்தில் வெயில் பட்டதும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு வீறிட்டான்.

"உள்ள எடுத்தாங்க! எடுத்தாந்துடுங்க ஆயாம்மா!" கதவுக்குப் பின்னாலிருந்து செல்வி அலறினாள்.

நித்யாவும் இந்த வயதில் இப்படித்தான் அழுதிருப்பாள். இருட்டில் வளர்ந்த எந்தப் பிள்ளையும் வெளிச்சத்தைக் கண்டால் இப்படித்தான் அழும். அழுகையை வைத்து இது நோயா, வெறும் கூச்சமா என்று என்னால் சொல்ல முடியாது. என்னிடம் இருந்தது அந்த டாக்டரம்மா சொன்ன வார்த்தை ஒன்றுதான். அதைத் தெரிந்துகொள்ள அத்தனை மாதம் காத்திருந்தோம். என் தலை நிழல் அவன் கண்ணில் மட்டும் விழும்படி கொஞ்சம் திரும்பி, நகராமல் நின்றேன்.

பிள்ளை அழுகையை நிறுத்தினான். ஒரு கண்ணைத் திறந்தான். மூக்கைச் சுளித்தான். பிறகு, அந்தச் சின்ன உடம்பு முழுக்கக் குலுங்கும்படி ஒரு தும்மல் போட்டான்.

இருட்டறைக்குள்ளிருந்து நித்யா கைதட்டிச் சிரித்தாள்.

"யம்மா, பாத்தியா! தும்மிகினே வேலைக்கு வந்துட்டாரு ரிப்பேர்காரரு!"

செல்வி கதவைவிட்டு வெளியே வந்தாள். அழுதுகொண்டே சிரித்தாள். பிள்ளை மறுபடி தும்மினான்.

"ஆயாம்மா," என்றாள் நித்யா உள்ளிருந்து, "அவரக் கேளுங்க. சாயங்காலம் அவங்கிட்ட வேலை முடிஞ்சதும், எங்கிட்ட கொஞ்சம் ஓவர்டைம் பாப்பாரான்னு."

பிள்ளையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, இன்னும் கொஞ்ச நேரம் வெயிலில் நின்றேன்.